எழுத முடியாவிட்டால், எழுதும் இடத்தையாவது சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பத்தோரு வருடமாக மும்பை செம்பூரில் இருக்கிறேன். தங்கள் நாளிதழின் பழைய வாசகன். 'போதை மாத்திரைகள் பறிமுதல்' என்று செய்தி வராத வாரம் இல்லை. ஏரியா பெயர் மாறும், தலைப்பு மாறாது. கள்ளத்தனமாக விற்பவனைப் பிடிக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தச் செய்திகளில் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி 'போதை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தவர்களால், மார்ஃபின் என்ற வலி மருந்து கிடைக்காமல் எங்கள் வீட்டில் பத்தொன்பது இரவுகள் போயின. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. முப்பத்து மூன்று வருட சர்வீஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு ஊரிலிருந்து என்னை அழைத்து வந்து, மாட்டுங்காவில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்டு வகுப்பில் சேர்த்துவிட்டவள் அவள்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் ஃபோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஸ்டெனோவாக ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். அவளும் ரிட்டையர் ஆன பிறகு எங்களோடுதான் இருந்தாள். 2015இல் மார்பகத்தில் புற்று. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து மூன்று வருடம் நன்றாகவே இருந்தாள். 2019 ஜனவரியில் முதுகு வலி என்றாள். குளிர் என்று நினைத்தோம். பிப்ரவரியில் ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் மூன்று இடத்தில் இருந்தது.

அந்த வலியை நான் எப்படிச் சொல்வது? கட்டிலின் ஓரத்தில் யாராவது உட்கார்ந்தால் அவள் கத்துவாள். அத்தனை சின்ன அசைவு போதும். என் பேத்திக்கு அப்போது நாலு வயது. பாட்டி பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம், அவளோ மறந்துவிட்டு ஓடிவந்து ஏறிவிடுவாள். படுத்தால் வலி, நிமிர்ந்தால் வலி. கடைசியில் என் மனைவியின் தையல் மெஷினை மூடி, அதன் மேல் இரண்டு தலையணையை அடுக்கி, முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இரவைக் கழித்தாள். இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் கண் திறந்தே இருக்கும். "போய்ப் படுடா தம்பி" என்பாள். வகுப்பில் எழுபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள், குரலே வராமல் சொல்வாள்.

எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நர்சிங் ஹோமில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர் சொல்ல விரும்பவில்லை; அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார். டிராமடால் கொடுத்தார், கூட்டினார். ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். என் மருமகன் எங்கோ படித்துவிட்டு வந்து மார்ஃபின் என்று ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டான். டாக்டர் முகம் மாறியது. கதவைப் பார்த்தார். "அதுக்கு லைசென்ஸ் வேணும். நான் எழுதினா நாளைக்கே நார்கோடிக்ஸ்காரன் வந்து நிப்பான். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று இந்தியில் சொன்னார். சரி, வெளியே எங்கேயாவது கிடைக்குமா என்றேன். "அதெல்லாம் கேட்டுக்கிட்டு அலையாதீங்க" என்றார். அன்றைக்கே மூன்று மெடிக்கல் கடையில் கேட்டேன். மூன்றாவது கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர், பத்து வருடமாக பி.பி. மாத்திரை அவரிடம்தான் வாங்குகிறேன். கவுன்ட்டரில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "சார், அந்தப் பேரை இங்கே சொல்லாதீங்க" என்றார். அறுபத்து நாலு வயதில் கஞ்சா வாங்க வந்தவன் மாதிரி நின்றேன்.

வழி காட்டியவர் எங்கள் பில்டிங்கில் கீழ்த்தளத்தில் இருக்கும் மலையாளி. அவருடைய அம்மா கேரளாவில் இதே நோயில் போனவர். "எங்க ஊர்ல நர்ஸ் வீட்டுக்கே வந்து மார்ஃபின் கொடுத்தாங்க, நீங்க எதுக்கு இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?" என்று கோபப்பட்டார். கோழிக்கோட்டில் 1993லேயே வலிக்கென்று ஒரு கிளினிக் தொடங்கியிருக்கிறார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் முன்னின்ற முயற்சி அது. 2008இல் கேரள அரசே இதற்கென்று ஒரு கொள்கை அறிவித்து, பஞ்சாயத்து அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்த மனிதர் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்குக் காலையிலே டாக்ஸி பிடிச்சு பரேல் போங்க. டாடாவுல வலிக்குன்னே தனி ஓ.பி. இருக்கு."

செம்பூரிலிருந்து பரேல் என்ன தூரம்? பத்து கிலோமீட்டர் இருக்குமா? டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி 1941லிருந்து அங்கே நிற்கிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்தோ ரயில் ஏறி வந்து அதன் வாசலில் படுத்துக் கிடக்கிறார்கள். நாங்கள் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு பத்தொன்பது இரவு தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். நர்சிங் ஹோம் டாக்டருக்கு அந்த ஓ.பி. தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அங்கே இருந்த டாக்டர் பெண் சின்னவள், என் மகள் வயது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலியே இல்லை என்றால் சைபர், இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் பத்து, உங்கள் வலிக்கு எத்தனை என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அக்கா யோசித்தாள். அவள் கட்டுரை நோட்டில் யாருக்கும் பத்துக்கு எட்டுக்கு மேல் போட்டதில்லை. தாராவியில் அவளிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "பத்து போடு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

முதுகில் ஒருமுறை கதிர் வைத்தார்கள். கூடவே மார்ஃபின் மாத்திரை. பத்து மில்லிகிராம், நாலு மணிக்கொன்று. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயந்தரம் ஆறு, இரவு பத்து மணிக்கு மட்டும் இரண்டாக. அப்படிப் போட்டால் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம். வலி வந்த பிறகு போடுவது என்ற பேச்சே கிடையாது, மணி அடித்தால் போட வேண்டும் என்று நர்ஸ் மூன்று தரம் சொன்னார். மலச்சிக்கலுக்கு மருந்தும் அப்போதே எழுதிவிட்டார்கள். அதை விட்டுவிடாதீர்கள், மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு அது நிச்சயம் வரும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஒருநாள் விட்டதற்கே அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. மாத்திரையை எண்ணி, ரெஜிஸ்டரில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார்கள். காலி அட்டைகளை அடுத்த தடவை கொண்டுவர வேண்டும். பூட்டி வைக்க வேண்டும், பிள்ளைகள் கையில் படக் கூடாது, யாருக்கும் பகிரக் கூடாது. இவ்வளவு கண்டிப்பும் எனக்குப் பிடித்திருந்தது. இதில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை.

முதல் இரண்டு நாள் குமட்டல், தூக்கம். என் சித்தப்பா மகன் போனில் சத்தம் போட்டான்: "அதைக் கொடுத்தா கதை முடிஞ்சிடும், கடைசி மருந்து அது." மூன்றாம் நாள் இரவு அக்கா கட்டிலில் படுத்தாள். ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஊரில் சின்ன வயதில் எப்படிப் படுப்பாளோ அப்படி. நானும் என் மனைவியும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். காலையில் எழுந்ததும் காப்பி கேட்டாள். பிறகு கோடு போட்ட நோட்டு ஒன்று கேட்டாள். ஸ்கேல் வைத்து நாலு கட்டம் அடித்து, தேதி, மணி, மாத்திரை, வலி மார்க் என்று தலைப்பு எழுதி, தானே டிக் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. பத்து, பத்து, எட்டு, ஆறு, மூன்று, மூன்று, இரண்டு. பதினோராம் நாள் இரண்டுக்குப் பக்கத்தில், 'இன்று சரசரவென்று மழை போல் வெயில்' என்று எழுதியிருக்கிறாள். என்ன அர்த்தத்தில் எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். பழைய மாணவிகள் வந்தார்கள். ஒருத்தி தன் மகளின் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கேட்டாள், எழுதிக் கொடுத்தாள். பேத்திக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தக் கட்டிலில் வைத்துத்தான். இடையில் வலி கூடியபோது மருந்தையும் கூட்டினார்கள், அதற்கும் வீட்டில் ஒரு சண்டை. பழக்கமாகிவிடுமே என்று நானே கேட்டேன். வலிக்கு அளந்து, கண்காணித்துக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது, போதைக்காகத் தேடுவது வேறு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பு பழகும், அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறோம், உடம்பு பழகுவதும் மனம் அடிமையாவதும் ஒன்றில்லை என்றார். அமெரிக்காவில் மூட்டுவலி, முதுகுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் இந்த வகை மாத்திரையை அள்ளிக் கொடுத்து லட்சக்கணக்கான குடும்பங்கள் நாசமானது உண்மைதான் என்றும் அவரே சொன்னார். அதை ஒளிக்காமல் சொன்னதால்தான் மற்றதையும் நான் நம்பினேன்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் சட்டத்தை டைப் அடித்தவன். அக்கா தூங்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. எந்தச் சட்டத்தைக் காட்டி அந்த டாக்டர் பயந்தார் என்று பார்த்துவிட வேண்டும் என்று பழைய ஆபீசுக்குப் போனேன். ஜூனியர் வக்கீல் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். நாலு நாள் படித்தேன்.

1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அது. அந்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவு போதைப்பொருளைத் தயாரிக்க, வைத்திருக்க, விற்கத் தடை போடுகிறது. ஆனால் அதே பிரிவிலேயே மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விலக்கு எழுதியிருக்கிறது. 1961இல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தமும் இப்படித்தான். வலி நீக்க இந்த மருந்துகள் தவிர்க்க முடியாதவை என்று அதன் முகப்பிலேயே இருக்கிறது. பிறகு எங்கே கோளாறு? தண்டனையில். அப்போது குறைந்தபட்சமே பத்து வருடம். 2001இல்தான் அளவுக்கேற்ற தண்டனை என்று திருத்தினார்கள். அடுத்தது லைசென்ஸ். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி போட்டது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்க நாலைந்து அனுமதி வேண்டியிருந்தது. வைத்திருக்க ஒன்று, வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவர ஒன்று, வழியில் எடுத்துவர ஒன்று என்று, அதுவும் வேறு வேறு அலுவலகத்தில். எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். கடைசி அனுமதி வருவதற்குள் முதல் அனுமதி செத்துப்போகும். ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டுவிட்டன. 1997இல் இந்த நாடு முழுக்க மருத்துவத்துக்குச் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ. 1985இல் இருந்ததோடு ஒப்பிட்டால் 97 சதவீதம் சரிவு. இத்தனைக்கும் மார்ஃபின் எடுக்கப்படும் அபினை அரசாங்க அனுமதியோடு விளைவிப்பதே நாம்தான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைந்து, நீமச்சிலும் காசிப்பூரிலும் உள்ள அரசுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. அந்த வரியைப் படித்தபோது பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

2017இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு ஒரு கணக்குச் சொன்னது. தேவையுள்ள ஒரு நோயாளிக்கு இந்தியாவில் கிடைப்பது 43 மில்லிகிராம் மார்ஃபின், தேவையில் நாலு சதவீதம். வருடக் கணக்கு இது. அக்காவுக்கு ஆரம்பத்திலேயே ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். சராசரிப்படி பார்த்தால் சாயந்தர ஆறு மணி மாத்திரைக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் மிச்சமிருந்திருக்காது, வருடம் பூராவும்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். 2014 பிப்ரவரியில் பாராளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று ஒரு புது வகையைச் சட்டத்திலேயே உண்டாக்கினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்து அதில் வந்தன. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி என்பது போய், நாடு முழுக்க ஒரே விதி. 2015 மே மாதம் அந்த விதிகள் கெஜட்டில் வந்துவிட்டன. அதன்படி ஒரு ஆஸ்பத்திரியோ, மரணப்படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் இல்லமோ, டிஸ்பென்சரியோ மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே ஒரு அங்கீகாரம் வாங்கினால் போதும். வலி சிகிச்சையில் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது அங்கே பொறுப்பில் இருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும், வருடத்துக்கொரு முறை எவ்வளவு செலவாயிற்று, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மாநிலத்தில் அந்த அதிகாரி உட்கார்ந்திருப்பது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்சில். எங்கள் டாக்டரின் நர்சிங் ஹோமிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்.

அதாவது அவர் கதவைப் பார்த்துக்கொண்டு பயந்தாரே, அதற்கு ஐந்து வருடம் முன்பே சட்டம் திருந்திவிட்டது. போதைப்பொருளைத் தடுப்பது மட்டும் அரசின் கடமை என்று இருந்த 4ஆம் பிரிவில், மருத்துவத்துக்கு அது கிடைக்கச் செய்வதும் கடமை என்று சேர்த்துவிட்டார்கள். அதை அவரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

நானே போய்ச் சொன்னேன். அக்கா இருந்தபோதே, ஏப்ரலில். விதிகளின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டு போனேன். படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு மனம் விட்டுப் பேசினார். "மாசத்துக்கு ரெண்டு பேஷன்ட் வருவாங்க. அதுக்காக நான் பயிற்சிக்குப் போகணும், ரெஜிஸ்டர் வைக்கணும், இன்ஸ்பெக்டர் வந்தா பதில் சொல்லணும். மாத்திரை விலையோ சில்லறைக் காசு. எந்தக் கம்பெனி ரெப்பும் வந்து இதைப் பத்திப் பேசினதில்லை. நான் படிச்சப்போ காலேஜ்லயும் யாரும் சொல்லித் தரலை" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எல்லா நர்சிங் ஹோமும் அங்கீகாரம் வாங்கியே ஆக வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன்: "சரி டாக்டர். உங்களால் எழுத முடியாது. 'இங்கே இல்லை, பரேல் போங்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே?" அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் குறை முழுவதும் அந்த ஒரு வரிதான், ஆசிரியரே. அந்த வரியை எழுதுவதற்கு லைசென்ஸ் வேண்டாம், ரெஜிஸ்டர் வேண்டாம், எந்த இன்ஸ்பெக்டரும் வந்து கேட்கப் போவதில்லை.

வாங்கி வருகிறவனுக்கும் பயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அக்காவால் வர முடியாத நாட்களில் நான் மட்டும் ரயிலில் போவேன். பரேலில் ஏறி குர்லாவில் மாறி வர வேண்டும். ஒரு தடவை குர்லா பாலத்தில் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருபத்தெட்டு நாள் மாத்திரை. கை நடுங்கியது. நான் குற்றம் எதுவும் செய்யவில்லை, டாக்டர் சீட்டின் பேரில் நோயாளிக்காக வாங்கியதை வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், படித்திருக்கிறேன். தெரிந்தும் நடுங்கியது. அவர் ஃபைலைப் பார்த்தார், மேலே இருந்த ஆஸ்பத்திரி பெயரைப் பார்த்தார், மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சீட்டின் ஜெராக்ஸ் ஒன்று மாத்திரை அட்டையோடு ரப்பர் பேண்டு போட்டே இருக்கும். இதைப் படிக்கிற யாருக்காவது இந்த மாத்திரை எடுத்துப்போகிற வேலை வந்தால் அப்படியே செய்யுங்கள்.

படிப்பறிவில்லாத ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால்? தாராவியில் தோல் பதனிடுகிறவர், இட்லி விற்கிறவர், வீட்டு வேலை செய்கிறவர், இவர்கள் வீட்டில் இந்த வலி வராதா? டாக்டர் இல்லை என்றால் இல்லைதான் என்று அவர்கள் வந்துவிடுவார்கள். எனக்குக் கீழ்வீட்டு மலையாளி இருந்தார்.

அதனால் மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் என் கோரிக்கை இது. புறநகரில் உள்ள ஒவ்வொரு மாநகராட்சி ஆஸ்பத்திரியிலும் இந்த அங்கீகாரமும், பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும், தீராமல் மார்ஃபின் மாத்திரையும் இருக்க வேண்டும். முதுகெலும்பில் புற்று வைத்துக்கொண்டு இருப்பவரை கோவண்டியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் பரேலுக்கு இழுத்தடிக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற இடங்களின் பட்டியலை மராத்தி, இந்தி, உருது, தமிழ், குஜராத்தி என்று இந்த ஊர் பேசுகிற மொழியிலெல்லாம் அச்சடித்து ஒவ்வொரு மெடிக்கல் கடையிலும் ஒட்ட வைக்க வேண்டும். கவுன்ட்டரில் குனிந்து குரலைத் தாழ்த்துவதற்குப் பதிலாக அந்தக் கடைக்காரர் சுவரைக் காட்டட்டும்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. இது என்னுடையது இல்லை, அக்காவுடையது. மே மாதம் ஒருநாள் தங்கள் நாளிதழை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவால் ஒரு தலைப்பை அடிக்கோடிட்டு என்னிடம் நீட்டினாள். 'போதை மாத்திரை' என்று இருந்தது. உள்ளே படித்தால், பிடிபட்டவற்றில் வலி மாத்திரைகளும் சேர்த்தி. "மயக்கம் வேற, போதை வேற, வலி தணியறது வேற. தமிழ்ல சொல்லுக்கா பஞ்சம்? இதைப் படிக்கிறவன் நாளைக்கு அவன் அம்மாவுக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பானா? எழுது தம்பி, ஆசிரியருக்கு எழுது" என்றாள். எழுதுகிறேன் என்றேன். இவ்வளவு வருடம் எழுதாமல் விட்டது என் தப்பு. கடத்தியவன் கையில் இருந்ததைக் கடத்தல் மாத்திரை என்று எழுதுங்கள், மருந்தின் பெயரை எழுதுங்கள். அதே மருந்து டாக்டர் சீட்டில் நோயாளிக்குச் சட்டப்படி கிடைக்கும் என்று செய்தியின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

அக்கா ஆகஸ்டில் போனாள், விடியற்காலையில். முந்தின இரவு பத்து மணிக்கு நோட்டில் டிக் போட்டிருப்பது என் மனைவியின் கை. வலி மார்க் ஒன்று. காரியம் முடிந்த பதினேழாம் நாள் மிச்சமிருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு பரேலுக்குப் போனேன். முப்பத்தொன்று இருந்தது. அதே நர்ஸ்தான் இருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பி இரண்டு தடவை எண்ணி, ரெஜிஸ்டரில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். எப்படிப் போனார்கள் என்று கேட்டார். தூக்கத்தில் என்றேன்.

விதிகளின் சுருக்கத்தை, அந்த டாக்டரிடம் கொடுத்த அதே ஒரு பக்கத்தை, தமிழில் டைப் அடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பழைய ஆபீஸ் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்தாயிற்று. இடம் இருந்தால் வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவில் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், இரவில் படிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தாளர்,
செம்பூர், மும்பை